மெதுவாக ஏறும் கார் கண்ணாடிக்கு மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள்

போன மாதம் பெசன்ட் நகரிலிருந்து ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தது. 1991 மாடல். இரண்டு பேர் உட்காரும், கூரையை மடக்கித் திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார். வண்டிக்காரர் நடுவில் கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணாடியைப் பிடித்து மேலே இழுத்தார். "இப்படித் தூக்கிக் குடுத்தாதான் சார் ஏறுது" என்றார். இரண்டு வருடமாக இதே கதையாம். இதற்கு முன் காட்டிய இடத்தில் இரண்டு முறை மோட்டாரை மாற்றியிருக்கிறார்கள். நான் கைவைக்காமல் ஏறவிட்டு நேரம் பார்த்தேன். 12 விநாடி. நல்ல நிலையில் இருக்கும் கண்ணாடி நாலைந்து விநாடியில் ஏறிவிட வேண்டும்.

ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் 26 வருடமாக இருக்கிறேன். பழைய காரில் கண்ணாடி மெதுவாக ஏறுகிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மோட்டார் கெட்டிருப்பதில்லை. அதன்மேல் பாரம் கூடியிருக்கும், அல்லது அதற்குப் போய்ச் சேர வேண்டிய கரண்ட் போய்ச் சேராமல் இருக்கும். இதைப் பார்க்காமல் புது மோட்டார் போட்டால், அதுவும் கொஞ்ச நாளில் அதே கஷ்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

கதவுக்குள் இருப்பது சிக்கலான விஷயம் இல்லை. ஒரு சின்ன டிசி மோட்டார். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். அதன் தண்டில் திருகு மாதிரி ஒரு கியர், அது ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும். திருகு சக்கரத்தைச் சுற்ற முடியும், சக்கரத்தால் திருகைச் சுற்ற முடியாது. அதனால்தான் சுவிட்சை விட்டதும் கண்ணாடி நின்ற இடத்தில் நிற்கிறது. இந்தச் சுழற்சியை மேலும் கீழுமாக மாற்றுவதுதான் ரெகுலேட்டர், நம் ஆட்கள் சொல்லும் விண்டோ மெஷின். சில வண்டிகளில் அது கத்தரிக்கோல் மாதிரி இரும்புக் கை, சிலவற்றில் கேபிள். எம்எக்ஸ்-5-ல் கேபிள்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான், அதற்குக் காசு ஆகாது. டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, கண்ணாடியை மெஷினிலிருந்து விடுவித்து, கையால் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த வண்டியில் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. பிறகு கண்ணாடி இல்லாமல் மோட்டாரை ஓட்டினேன், விர்ரென்று ஓடியது. பிடித்து இழுப்பது கண்ணாடி ஓடும் தடம் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அந்தத் தடத்தில் இருக்கும் ரப்பரும், கண்ணாடியை ஒட்டி ஓடும் பட்டையான பீடிங்கும் சென்னையில் படும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே நிற்கும் வண்டியின் ரப்பர் சில வருடங்களில் கட்டைபோல இறுகிவிடும். கடற்கரைப் பக்கம் என்றால் பொடி மணலும் உப்புக் காற்றும் சேரும். இதற்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். முதல் வாரம் நன்றாக வழுக்கும், அப்புறம் தூசியைப் பிடித்துப் பிசின் மாதிரி ஆகிவிடும். இன்ஜின் ஆயில் தடவினால் ரப்பர் உப்பி இன்னும் இறுக்கும். ரப்பருக்கு சிலிகான் ஸ்பிரே, இரும்போடு இரும்பு உரசும் இடத்துக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ், அதுவும் பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்துவிட்டு. இந்த வண்டியில் முப்பது வருடப் பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் சன் ஃபிலிமைத் தடை செய்தபோது அவசரத்தில் கிழித்தெடுத்த கோந்து இன்னமும் கண்ணாடி ஓரத்தில் இருக்கும் வண்டிகளும் வருகின்றன. அதையும் துடைத்தெடுங்கள்.

சரி, தடம் சுத்தமாகிவிட்டது. இப்போது கரண்ட். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட் இருந்தது. கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போது மோட்டார் கனெக்டரில் அளந்தால் 9.8 தான். நான்கு வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. சும்மா இருக்கும்போது அளந்தால் இது தெரியாது, மோட்டார் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். ஒரு விஷயத்தைப் பல எலக்ட்ரீஷியன்கள் கோட்டை விடுகிறார்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் மோட்டாரின் எர்த்தும் அதே சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. அதனால் பிளஸ் பக்கத்தை மட்டும் சோதித்தால் பாதிதான் தெரியும். இந்தச் சுவிட்சுக்குள் இரண்டு பக்கக் கான்டாக்டும் கருகியிருந்தன. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மாட்டியதும் 12.9 வந்தது. கதவுக் கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயரையும் மடக்கிப் பாருங்கள். தினமும் திறந்து மூடி, வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே இழைகள் முறிந்திருக்கும்.

கண்ணாடி நின்றுபோய், பத்து நிமிடம் கழித்துத் தானாக வேலை செய்தால் அதை லூஸ் கனெக்‌ஷன் என்று எண்ணிவிடாதீர்கள். பல மோட்டார்களுக்குள் சூடேறினால் கரண்டை வெட்டும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அது வெட்டுகிறது என்றால் மோட்டார் வேகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் சுவிட்சை விடாமல் அழுத்துவதுதான் நல்ல மோட்டாரையும் கொல்கிறது.

டோர் பேடைக் கழற்றினால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கறுப்புப் பிசினால் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துத் தூக்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் எனக்குப் பெரிய வருத்தம். மழைநீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குவது இயல்பு, கதவின் அடியில் அதற்கென்று ஓட்டைகளும் உண்டு. அந்த நீர் உள்பக்கம் வராமல் தடுப்பது இந்த ஷீட். இந்த வண்டியில் அதைக் காணோம். ஐப்பசி மழையில் கார்பெட் நனைந்து, கனெக்டர்கள் பச்சை பூத்திருந்தன. ஷீட் கிழிந்திருந்தால் கெட்டியான பாலித்தீனை அளவாக வெட்டி ஒட்டுங்கள், அடி ஓட்டைகளைக் குச்சியால் குத்தி அடைப்பு எடுங்கள்.

மழை என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். துரைசாமி சுரங்கப்பாதையிலோ கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ தேங்கிய நீருக்குள் கார் நின்றுவிட்டால், வேறு எதையும் யோசிக்கும் முன் கண்ணாடியை இறக்குங்கள். வெளியே நீர் ஏறிவிட்டால் அதன் அழுத்தத்தில் கதவு திறக்காது, சிறிது நேரத்தில் மின்சாரமும் போய்விடும். ஊர்ந்து இறங்கும் கண்ணாடிக்கு அந்த நேரம் போதாது. ஐப்பசி பிறப்பதற்குள் கண்ணாடியைச் சரிசெய்து வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வீட்டிலேயே கழற்றிப் பார்க்கிறவர்கள் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புக் கை மெஷின்களில் பலவற்றில் கண்ணாடியின் எடையைத் தாங்கச் சுருள் ஸ்பிரிங் ஒன்று முறுக்கேறி இருக்கும். மோட்டாரின் பல்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மெஷினை போல்ட் போட்டுப் பூட்டாமல் மோட்டாரை எடுத்தால் அந்த இரும்புக் கை சட்டென்று அடிக்கும். என்னிடம் வேலை கற்ற ஒரு தம்பிக்கு நடுவிரல் எலும்பு விட்டது இப்படித்தான். மெஷினைத் தொடும் முன் கண்ணாடியை மேலே ஏற்றி அகலமான டேப்பால் கதவோடு ஒட்டுங்கள். ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள்.

இந்த வண்டியில் கேபிளும் இழை பிரிந்திருந்தது, முனையில் இருந்த சின்ன பிளாஸ்டிக் வளையம் (புஷ்) தொட்டதும் பொடிந்தது. முன்பு யாரோ ஒரு பக்கத்துக்கு சைக்கிள் பிரேக் ஒயரைப் போட்டிருந்தார்கள். தடிமன் ஒன்றுதான், ஆனால் அதன் இழைகள் பருமனானவை. சின்ன உருளையில் சுற்றிச் சுற்றி விரைவில் முறிந்துவிடும். ஏழு ஏழாக முறுக்கிய மெல்லிய இழை ஸ்டெயின்லெஸ் கேபிளை வாங்கி, முனையை அழுத்திப் பதித்தேன். ஈயம் வைத்தால் இழுவையில் நழுவும். புஷ்ஷை லேத்தில் நைலானில் கடைந்து வாங்கினேன். அசல் பாகம் கப்பலில் வரும்வரை வண்டியை முடக்கிவைக்கத் தேவையில்லை.

கடைசி வேலைக்குத்தான் அதிக நேரம் போனது. இந்தக் கதவில் கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம் கிடையாது. கண்ணாடி நேராகத் துணிக் கூரையின் ரப்பரில் போய் அமர வேண்டும். உள்சாய்வும் மேல் எல்லையும் கொஞ்சம் பிசகினாலும் மழை உள்ளே வரும், அல்லது ரப்பரை அழுத்தி மோட்டார் திணறும். போல்ட்டைத் தளர்த்தி, ஏற்றி, ஒரு தாளை இடையில் வைத்து இழுத்துப் பார்த்து, மறுபடி தளர்த்தி, மதியம் முழுக்க அதிலேயே போனது.

வண்டியோடு வந்த முதல் மோட்டாரை அவர் தூக்கிப் போடாமல் டிக்கியில் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். திறந்து, சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டையைப் பார்த்தேன், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சுத்தம் செய்து அதையே மாட்டினேன். கை வைக்காமல், ஐந்து விநாடியில் ஏறியது.