மனைவி ஓர் இனம், கணவன் வேறோர் இனம்

1839-ல் லண்டனில் உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவனின் கைக்கு நியூசிலாந்திலிருந்து ஓர் எலும்புத் துண்டு வந்தது. நீளம் 15 செ.மீ., இரு முனையும் உடைந்திருந்தது. மாட்டெலும்பு என்றுதான் அவர் முதலில் நினைத்தார். உள்ளே தேன்கூடு போல வலைப்பின்னல் தெரிந்ததும் எண்ணம் மாறியது: இது ஒரு ராட்சதப் பறவையின் தொடையெலும்பு! ஒற்றைத் துண்டை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

1843-ல் பெட்டி பெட்டியாக எலும்புகள் வந்து சேர, அவர் சொன்னது உறுதியானது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் மோவா என்று சொல்லும், அழிந்துபோன பறவை அது. ஓவன் அதற்கு முதலில் வைத்த பேரினப் பெயர் (நெருங்கிய இனங்களுக்கான பொதுப்பெயர்) 'மெகலோர்னிஸ்'. ஆனால் அதை ஏற்கெனவே கொக்கினப் பறவைக்குச் சூட்டிவிட்டார்கள். விலங்கியலில் ஒரே பெயர் இரண்டு பேரினங்களுக்கு ஆகாது. சரி என்று 'டைனோர்னிஸ்' ஆக்கினார். அஞ்சத்தக்க பறவை என்று பொருள். முந்தைய ஆண்டுதான் 'டைனோசர்' என்ற பெயரையும் உருவாக்கியிருந்தார். 'டைனோ' மேல் அவருக்கு அப்படியொரு பிரியம்!

சிக்கல் அப்புறம்தான். தோலும் இறகும் ஏறக்குறைய இல்லை. எலும்பின் அளவை வைத்தே இனம் பிரித்தார்கள். பெரியது ஜைஜாண்டியஸ், நடுத்தரம் நோவேஸிலாண்டியே, சின்னது ஸ்ட்ருதியாய்டஸ்.

2003-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இந்த எலும்புகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தன. பறவைகளில் W குரோமோசோம் பெண்ணுக்கு மட்டுமே உண்டு. அது இருக்கிறதா என்று தேடினால், பெரிய எலும்புகளில் எல்லாம் இருந்தது, சின்னவற்றில் இல்லை. தாய்வழியே மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வோ, நியூசிலாந்தின் வடக்கு, தெற்குத் தீவுகள் ஒவ்வொன்றிலும் கிடைத்த பெரியதும் சிறியதும் ஒரே கூட்டம் என்றது. பெரிய பெண்கள் ஆணைவிட ஒன்றரை மடங்கு உயரம், 2.8 மடங்கு எடை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணவனையும் மனைவியையும் வேறு வேறு இனமாக எழுதி வைத்திருக்கிறோம்!

இனங்களை ஒன்றுசேர்த்தால் எந்தப் பெயர் நிலைக்கும்? முதலில் வெளியான செல்லத்தக்க பெயர்தான். பொருத்தமா, அழகா என்ற பேச்சே கிடையாது. அதனால் வடக்குத் தீவுப் பறவைக்கு 1843-ல் வைத்த நோவேஸிலாண்டியே நிலைத்தது. தெற்குத் தீவுப் பறவைக்கு 1846-ல் வந்த ரோபஸ்டஸ். ஆண்களுக்கென்றே தனியாக இருந்த ஸ்ட்ருதியாய்டஸ் இப்போது மாற்றுப்பெயர்ப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.