தரைப்பலகைக்கு அடியில் இருக்கும் தூசியை வாரிக் கொட்டாதீர்கள்

இங்கிலாந்தில் பழைய நாட்டுப்புற மாளிகைகளில் பழுதுபார்ப்பு வேலை நடக்கும்போது கூடவே நின்று கவனிப்பது என் தொழில். தொல்லியல் கண்காணிப்பு என்பார்கள். அகழாய்வில் நாங்களே தோண்டுவோம். இங்கே தோண்டுபவர்கள் கட்டடத் தொழிலாளர்கள். நான் பள்ளத்தின் ஓரத்தில் நிற்பேன்.

பொக்லைன் வாளிக்குப் பல் இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். பல் உள்ள வாளி மண்ணைக் கிளறிவிடும். பல் இல்லாதது கத்தியால் சீவியதுபோல் மட்டமாக வழித்தெடுக்கும். கல்லைப் பெயர்த்துக்கொண்டு போன பழைய சுவரின் தடம், அப்படி வழித்த தரையில்தான் நிறம் மாறிய பட்டையாகத் தெரியும். வெயிலில் மண் காய்ந்துவிட்டால் அந்தப் பட்டையும் மங்கிவிடும். அதற்குள் அளந்து, வரைந்து, படம் எடுத்தாக வேண்டும்.

புதிய கட்டடம் எழுப்புவதென்றால், அனுமதி தரும்போதே உள்ளாட்சி மன்றம் பெரும்பாலும் கண்காணிப்பை நிபந்தனையாக வைத்துவிடும். கைநழுவிப் போவதெல்லாம் சில்லறை வேலைகளில்தான்: ஒரு மின்கம்பி, ஒரு மழைநீர்க் குழாய், நாலு தரைப்பலகை. ஒரு மாளிகைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் மேல்மாடிப் பலகைகளைப் பெயர்த்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிச் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்திருந்தார்கள். அடியில் கிடந்த குப்பை மட்டும் மூட்டை மூட்டையாக லாரியேறிப் போயிருந்தது. மரத்தை அவ்வளவு கவனமாகக் காப்பாற்றிய கைகள், யாராவது சொல்லியிருந்தால் தூசியையும் காப்பாற்றியிருக்கும். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தூசியில் என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஆக்ஸ்பரோ மாளிகையின் கதை. நார்ஃபோக்கில், அகழி சூழ, 1482இல் பெடிங்ஃபெல்ட் குடும்பம் எழுப்பியது. இப்போது பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. கூரையைச் செப்பனிடுவதற்காக அங்கே மேல்தளப் பலகைகளைப் பெயர்த்தார்கள். பொதுமுடக்கக் காலத்தில் தொல்லியலாளர் ஒருவர் தன்னந்தனியாக அந்தக் குப்பையைக் கைவிரலால் தடவித் தடவித் தேடினார். எலிக்கூடுகளுக்குள் பட்டு, வெல்வெட், பூவேலை செய்த துணி என்று 200க்கும் மேற்பட்ட கந்தல்கள் கிடைத்தன. 15ஆம் நூற்றாண்டில் கையால் எழுதிய தோலேடு ஒன்றும் கிடைத்தது. பொன்னும் நீலமும் மங்காத, பைபிளின் சங்கீதம் ஒன்றை லத்தீனில் எழுதிய பக்கம். அதைக் கண்டெடுத்தவர் ஒரு கட்டடத் தொழிலாளி. பெடிங்ஃபெல்ட் குடும்பத்தார் கத்தோலிக்கர்கள். அந்த வழிபாட்டைச் சட்டம் தடுத்திருந்த காலத்திலும் அதைக் கைவிடாதவர்கள். அதனால் அந்த ஏட்டின் மதிப்பு இன்னும் கூடுகிறது. தூசியோடு படிந்திருந்த சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதால்தான் இவை மக்கிப் போகாமல் தப்பின.

ஆகவே வீட்டுக்காரர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: முதல் பலகையைப் பெயர்ப்பதற்கு முன்பே எங்களைக் கூப்பிடுங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் கழுவாதீர்கள், எடுத்துக் காட்டக்கூட இடம் மாற்றாதீர்கள். எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்பது போய்விட்டால் பாதிச் செய்தி போய்விடும். மனித எலும்பு தென்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் தச்சரும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். பலகைகளைத் தாங்கும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வோர் இடைவெளிக்கும் தனிப் பை, தனி எண். நேற்று ஏழாம் எண் பையைச் சலித்தபோது மூன்று பித்தளைக் குண்டூசிகள் கிடைத்தன. ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள இடைவெளி அது. வெளிச்சத்துக்காக யாரோ அங்கே உட்கார்ந்து தைத்திருக்க வேண்டும்.