எடைமேடைக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு கங்காணி

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கில் செம்பனைக் குலை வாங்கும் கடை ஒன்று. லோரி எடைமேடையில் ஏறி நிற்கிறது. எடைகாட்டியில் சிவப்பு எழுத்தில் 4,860 கிலோ. ஆனால் கணினித் திரையில் எடைக் கட்டம் காலி. "நேத்து விண்டோஸ் 11 போட்டதிலேருந்து இப்படித்தான் தம்பி" என்றார் கடைக்கார அண்ணன். வெளியே இன்னும் மூன்று லோரிகள் காத்திருந்தன.

விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்ததால் பலரும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறியதும் பழைய சாதனம் ஏதாவது ஒன்று பேச்சை நிறுத்திவிடும். கெட்டுப்போய்விட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தோட்டத்தில் துரையின் உத்தரவு கங்காணி வழியாகத்தான் ஆட்களுக்கு வரும். இயங்குதளத்துக்கும் சாதனத்துக்கும் நடுவில் அந்த வேலையைச் செய்கிற நிரல்தான் டிரைவர். துரை மாறி, சட்டதிட்டம் மாறினால் பழைய கங்காணிக்கு அலுவலகத்தில் இடமில்லை.

எடைகாட்டி, 1960-இல் வந்த ஆர்எஸ்-232 முறையில் எண்களை ஒவ்வோர் எழுத்தாக அனுப்புகிறது. இன்றைய கணினிகளில் பெரும்பாலும் அந்தத் துளையே கிடையாது. அதனால் நடுவில் ஒரு யூஎஸ்பி கேபிள். அதன் தலைக்குள் ஒரு சில்லு. கேபிளைச் செருகியதும் கணினி "நீ யார்?" என்று கேட்கும். சில்லு 18 பைட் குறிப்பு ஒன்றைத் தரும். அதில் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் இருக்கும். இந்த இரண்டையும் வைத்துத்தான் விண்டோஸ் பொருத்தமான டிரைவரைத் தேடுகிறது.

சாதாரண மென்பொருள் தடுமாறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். இத்தகைய டிரைவர் இயங்குவதோ இயங்குதளத்தின் மையமான கருநிரலுக்குள் (கெர்னல்). அது தடுமாறினால் முழுக் கணினியும் நீலத்திரை காட்டி விழுந்துவிடும். அதனால்தான் அங்கே காவல் அதிகம். விண்டோஸ் 11-இல் புதிய வகையான 64-பிட் பதிப்பு மட்டுமே உண்டு. பழைய 32-பிட் எடை மென்பொருள் அதில் ஓடும்; 32-பிட் டிரைவருக்குக் கருநிரலுக்குள் நுழைய முடியாது. டிரைவர் யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். அந்தச் சோதனையை அணைத்துவிடச் சொல்வார்கள்; செய்யாதீர்கள், கணினியின் வாசலையே திறந்து போட்டதாகிவிடும்.

கடையில் நடந்தது இதுதான். கேபிளோடு வந்த வட்டில் இருந்தது 32-பிட் டிரைவர். விண்டோஸ் தானாக இறக்கிய புதிய டிரைவரோ அந்தப் பழைய சில்லை ஏற்க மறுத்தது: சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், பிழைக் குறியீடு 10. சில்லைச் செய்தவர்களின் தளத்திலிருந்து கையொப்பமுள்ள பழைய 64-பிட் பதிப்பை இறக்கி நிறுவினேன். அப்புறம் 'அப்டேட் டிரைவர்' போய், பட்டியலிலிருந்து அதை நானே தேர்ந்தெடுத்தேன். முக்கோணம் மறைந்தது.

கட்டம் இன்னும் காலி! பார்த்தால், கேபிளுக்கு விண்டோஸ் கொடுக்கும் வாசல் எண் முன்பு காம் 3; இப்போது காம் 5. எடை மென்பொருள் இன்னும் பழைய வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தது. எண்ணை மாற்றினேன். 4,860 கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. அண்ணன் அடுத்த லோரிக்குக் கை காட்டினார்.