ஸ்கேனர் அடிக்கடி நிற்கிறதா? அந்தச் சென்சாரை அணைக்காதீர்கள்

போன வாரம் மதுரையில் ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து அழைத்திருந்தார்கள். ஸ்கேன் செய்த பக்கங்களில் நெட்டுக்குக் கோடு விழுகிறதாம். கண்ணாடியைத் துடைத்ததும் கோடு போய்விட்டது. செட்டிங்கைத் திறந்தால், இரண்டு தாள் சேர்ந்து போனால் மெஷினை நிறுத்தும் டபுள் ஃபீட் சென்சார் அணைக்கப்பட்டிருந்தது. எத்தனை மாதமாக என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சமீபத்தில் ஸ்கேன் செய்த கிரையப் பத்திரம் ஒன்றைத் திறக்கச் சொன்னேன். நான்காம் தாளின் முன்பக்கம் இருந்தது. அதற்கு அடுத்து வந்திருந்ததோ ஐந்தாம் தாளின் பின்பக்கம். சொத்து விவரமும் நான்குமாலும் (நான்கு பக்க எல்லைகள்) ஐந்தாம் தாளின் முன்பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அது கணினியில் இல்லவே இல்லை. அசல் பத்திரம் உசிலம்பட்டிப் பக்கத்துக் கட்சிக்காரரிடம் எப்போதோ திரும்பிப் போய்விட்டது.

ஃபைனான்ஸ் அலுவலகம், கல்லூரி, ஆடிட்டர் அலுவலகம் என்று பல இடங்களில் இதே சென்சார் அணைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டேன். கேட்டால் ஒரே பதில்: “சும்மா சும்மா நிக்குது சார், வேலை ஓட மாட்டேங்குது.”

சும்மா நிற்கவில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் மனதில் ஏறுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹெவி டூட்டி ஸ்கேனர் என்றால் எதைப் போட்டாலும் இழுத்துத் தள்ளும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் தாள் என்று கம்பெனி சொல்லும் கணக்கு, மடிப்பில்லாத, பின் இல்லாத, ஒன்றோடொன்று ஒட்டாத தாளுக்கு உரியது. நாற்பது வருடம் பீரோவில் மடிந்து கிடந்த தாய்ப் பத்திரத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. மெஷினுக்கு வேகம் இருக்கிறது, நாள் முழுக்க ஓடும் தெம்பும் இருக்கிறது. ஆனால் உள்ளே போவது ஒரு தாளா இரண்டு தாளா என்பதை அந்தச் சென்சார் இருந்தால்தான் நம்பிக்கையாகச் சொல்ல முடியும். அதை அணைத்துவிட்டால் இரண்டு தாளையும் சேர்த்து அதே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும், எச்சரிக்கை எதுவும் வராது. திரையில் பக்கங்கள் வரிசையாக வந்து விழும். எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்று தோன்றும்.

அந்தச் சென்சார் தாளின் வழியே நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்புகிறது. இரண்டு தாளுக்கு நடுவே காற்று இருந்தால் ஒலி மிகவும் பலவீனமாகிவிடும், மெஷின் நின்றுவிடும். பத்திரத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் போட்டோ, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் இருக்கும் இடமும் அதற்கு இரண்டு தாளாகத்தான் தெரியும். உங்கள் அலுவலகத்தில் அது அடிக்கடி நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அதற்காகச் சென்சாரையே அணைக்க வேண்டியதில்லை. போட்டோ ஒட்டிய இடத்தை மட்டும் கண்டுகொள்ளாமல் விடும் வசதி இப்போதைய பெரும்பாலான அலுவலக ஸ்கேனர்களில் உண்டு. செட்டிங்கில் தேடுங்கள், தெரியாவிட்டால் சர்வீஸ் ஆளைக் கேளுங்கள். அதுவும் முடியாதா, அந்த ஒரு தாளைத் தனியாகப் போடுங்கள்.

இன்னொரு செட்டிங்கும் ஆபத்தானது. வெற்றுப் பக்கத்தைத் தானாக நீக்கும் வசதி. பத்திரத்தின் பின்பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலக முத்திரை மங்கலாக இருந்தால், அதையும் வெற்றுப் பக்கம் என்று தூக்கி எறிந்துவிடலாம். பத்திரம், நீதிமன்ற ஆவணம் எல்லாவற்றுக்கும் இதை அணைத்தே வையுங்கள். அப்போதுதான் எண்ணிப் பார்க்கவும் முடியும். இருபது தாளை இருபுறமும் ஸ்கேன் செய்தால் நாற்பது பக்கம் வர வேண்டும். முப்பத்தெட்டு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அப்புறம் மஞ்சள். நம் ஊரில் பத்திரத்தின் மூலையில் மஞ்சள் தடவாமல் விடுவதில்லை. நல்ல பழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொடி தாளை இழுக்கும் ரோலரில் ஏறினால் ரப்பரின் பிடிப்பு போய்விடும். பிடிப்பு போனால் தாள் வழுக்கும், இரண்டாகவும் இழுக்கும். ஸ்கேன் செய்வதற்கு முன் ஒரு மென்மையான பிரஷ்ஷால் மூலையைத் தட்டிவிடுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதாக இருந்தால் மெஷினின் பக்கவாட்டில் வையுங்கள். தாள் வைக்கும் தட்டில் வைக்கவே கூடாது. பூஜை முடிந்த வாரம் எனக்கு வரும் அழைப்புகளில் ரோலரைத் திறந்தால் குங்குமச் சிவப்புதான்.

ரோலரைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும். தின்னர், பெட்ரோல், ஈரத்துணி எதுவும் வேண்டாம். துடைத்தும் வழுக்கினால் மாற்ற வேண்டியதுதான். அலுவலகங்களில் அதிகம் பார்க்கும் ஃபுஜித்சு எஃப்ஐ-7160 போன்ற மாடல்களுக்கு 2 லட்சம் தாள் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ரோலரை மாற்றச் சொல்லி எச்சரிக்கை வந்ததும், அதை மாற்றாமல் தாளை எண்ணும் கவுண்ட்டரை மட்டும் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். இது எனக்குப் பிடிபடவே இல்லை. யாரை ஏமாற்றுகிறோம்? (2023 முதல் ஃபுஜித்சு ஸ்கேனர்கள் ரிக்கோ என்ற பெயரில் வருகின்றன. ரோலர் பெட்டியில் ரிக்கோ என்று போட்டிருந்தால் போலி என்று திருப்பி அனுப்பாதீர்கள்.)

ஸ்டேப்ளர் பின், குண்டூசி பற்றிச் சொல்லவே வேண்டாம். எடுத்துவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான். கண்ணாடியில் கீறல் விழுந்தால் எந்தத் துணியாலும் போகாது. மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்து ஒன்றோடொன்று ஒட்டும். தாள் கட்டை விசிறிப் பிரித்துவிட்டு, தட்டில் உள்ள அளவுக் கோட்டுக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள்.

அலுவலகம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தச் சென்சாரை அணைப்பது பெரும்பாலும் ஸ்கேன் செய்யும் பிள்ளைகள்தான். இன்று மாலைக்குள் இத்தனை ஃபைல் முடிய வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருப்பதால்தான் அணைக்கிறார்கள். மெஷின் நிற்கும்போது அவர்களைத் திட்டாதீர்கள். நின்றால் தாளை எடுத்துப் பிரித்துப் பார்த்துத் திரும்பப் போட நேரம் ஆகும், அந்த நேரத்தைக் கொடுங்கள். ஸ்கேன் செய்தவரே சரிபார்க்காமல் வேறொருவர் அசலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்த பிறகே அசலைத் திருப்பிக் கொடுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாக்கல் செய்யப்போகும் ஆவணம் என்றால் இதில் சலுகையே கிடையாது.

டபுள் ஃபீட் சென்சாரை ஏற்கெனவே அணைத்து வைத்திருந்தால் இன்றே போட்டுவிடுங்கள். பிறகு அசல் இன்னும் உங்கள் கையில் இருக்கும் ஃபைல்களை முதலில் சரிபாருங்கள். திருப்பிக் கொடுத்தவற்றில், வழக்கு நடப்பில் இருப்பவர்களை அழைத்து அசலை ஒருமுறை கொண்டுவரச் சொல்லுங்கள். அசலும் கிடைக்காத பதிவுப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். அதற்கு நாள் பிடிக்கும், வாய்தாவுக்கு முன்பே மனுப் போடுங்கள்.