மேல்காற்றா, மேலடுக்குக் காற்றா?

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயிகள் எழுதிவைத்திருந்த வானிலைக் குறிப்பேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஜூலை முழுக்க ‘மேல்காற்று’ என்றே இருந்தது. என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவர் அதை வானத்து உயரத்தில் வீசுவது என்று நினைத்து, மேலடுக்குக் காற்றுப் பத்தியில் நிரப்பிவிட்டார். தருமபுரிக்காரருக்கு மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. ஆடியில் வாழையைச் சாய்க்குமே, அதேதான்.

தலைகீழான தவறு இது. அதே ஆடியில் நம் தலைக்கு மேலே சுமார் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பார்கள். வேகம் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும். கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த பி. கோட்டேஸ்வரம். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இந்தத் தாரைக்காற்று பெரும்பாலும் வலுவிழக்கும். பருவமழையும் பல சமயம் தடுமாறும்.

இந்த உயரக் காற்றை அளக்கப் பெரும்பாலும் பலூன்தான் வேண்டும். சென்னை போன்ற நிலையங்களில் கருவி கட்டிப் பறக்கவிடுகிறார்கள். ஆனால் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. தாழ்ந்த மேகம் கிழக்கே விரையும்போது, இடைவெளியில் மிக உயரத்தில் தெரியும் இறகு மேகம் எதிர்த்திசையில் நகர்வதைப் பாருங்கள். வெறுமனே அண்ணாந்து பார்த்தால் ஏமாந்துபோவோம்; கீழ்மேகத்தின் ஓட்டம், நிற்கும் மேகத்தையும் ஓடுவதாகக் காட்டும். மின்கம்பத்தின் உச்சியை மேகத்தோடு பொருத்தி ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். எழுத வேண்டியது மேகம் வரும் திசையை, போகும் திசையை அல்ல.

மழைமானிக்கு வருவோம். காலை 8.30க்கு அளந்து, மழை இல்லாவிட்டால் 0 எழுதுங்கள். வெற்றிடம் விட்டால், மழை இல்லையா, ஆள் இல்லையா என்று யார் சொல்வது? அளவுக் குடுவை உடைந்தால் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றாதீர்கள். 200 சதுர செ.மீ. வாய் கொண்ட மானியில் 1 மி.மீ. மழை 20 மில்லி. 100 சதுர செ.மீ. மானியில் 10 மில்லிதான். குடுவை மாறினால் மழை இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும். மானியை இடம் மாற்றினால் தேதியைக் குறியுங்கள். இல்லையென்றால், பின்னால் படிப்பவர் உங்கள் புளியமரத்து மறைவைப் பருவநிலை மாற்றம் என்று எழுதிவிடுவார்!

அந்தக் குறிப்பேட்டில் இப்போது ‘தரைக்காற்று’, ‘உயர்மேகம் வரும் திசை’ என இரண்டு பத்திகள். பழைய ‘மேல்காற்று’ எதையும் அழிக்கவில்லை. எழுதியவரிடமே கேட்டு, பக்கத்தில் பென்சிலால் ‘மேற்கு’ என்று குறித்துவைத்தோம்.