ரசிகர்: சொல் விளக்கம்

தொண்டை கட்டும்வரை ஒரு அணிக்காகக் கத்துகிறவரை ரசிகர் என்கிறோம். சொல்லின் வேருக்கும் கத்தலுக்கும் சம்பந்தமே இல்லை. வடமொழியில் ரசம் என்றால் சாறு, சுவை. ரசிகன் என்றால் சுவை அறிந்தவன். கச்சேரியில் ஆலாபனைக்குத் தலையாட்டியவரின் பெயரை மைதானத்துக்கும் இழுத்து வந்துவிட்டோம்.

ஆங்கிலத்து ஃபேன் வந்த வழி வேறு. அது ஃபனாட்டிக் என்பதன் குறுக்கம் என்பார்கள். ஃபனாட்டிக்கின் மூலம் லத்தீனில் கோயிலைக் குறிக்கும் ஃபானும். கோயிலில் அருள் வந்து ஆடுகிறவன் என்பது பழைய பொருள். இதற்கு நேரான சொல் நம்மிடம் சங்கப் பாட்டிலேயே உண்டு: வெறி. முருகன் ஏறி வேலன் ஆடுவது வெறியாட்டு. அப்படிப் பார்த்தால் 'கிரிக்கெட் வெறியன்' வசவே இல்லை, துல்லியமான மொழிபெயர்ப்பு! 'விசிறி'தான் கூத்து. காற்று வீசும் ஃபேனைக் கொண்டுவந்து ஆளுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

சுவை அறிதல் எப்படியிருக்கும் என்பதை 2022 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தன்று புதுச்சேரியில் பார்த்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டில் டிவி. பெரியவர் பிரான்சு பக்கம், தெருப் பையன்கள் அர்ஜென்டினா. 80-ஆவது நிமிடம் பிரான்சின் எம்பாப்பே பெனால்ட்டியில் கோல் போட்டார். அடுத்த நிமிடமே, பந்து தரையைத் தொடுமுன் அவரே ஒரு உதை, இன்னொரு கோல். "யோவ், என்னா அடிடா!" என்று எழுந்து கத்தியது அர்ஜென்டினா சட்டை போட்ட பையன். ஆட்டம் 3-3, பெனால்ட்டியில் 4-2 என்று அர்ஜென்டினா ஜெயித்ததும் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மெஸ்ஸிக்குக் கிடைக்க வேண்டியதுதான்யா" என்று சொல்லிவிட்டு, பையன்களுக்கு டீ வாங்க ஆளனுப்பினார்.

1999-இல் சேப்பாக்கத்தில் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, பாகிஸ்தான் வீரர்களுக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டமும் இந்த ரகம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கவிஞர், கலைஞர் வரிசையில் சுவைஞர். கொடி பிடிக்கிறவரை மட்டும் குறிக்க ஆதரவாளர் போதும். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம், அந்தப் பெரியவர் இருந்தார். ரசிகன், ரசிகை என்று பால் பிரிக்கும் சிக்கலும் சுவைஞருக்கு இல்லை.