பீட்: விஸ்கியில் ஏறும் புகை

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் விஸ்கியை முதன்முதலில் முகர்ந்தவர்கள் பலர், 'இது மருத்துவமனை வாடை' என்றுதான் முகம் சுளிப்பார்கள். அந்த வாடையைத் தருவது பீட். அதன் புகை ஏறிய 'பீட்டெட் சிங்கிள் மால்ட் விஸ்கி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்ப்போம்.

ஈரச் சதுப்பில் பாசியும் புதர்ச்செடிகளும் மடிந்து, காற்றுப் படாததால் முழுவதும் மக்காமல் படிந்து கிடக்கும் பொருள் அது. ஒரு மீட்டர் படிய ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகும். செங்கல்போல் வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். சொல்லும் அந்த வெட்டிலிருந்தே பிறந்திருக்கிறது: ஸ்காட்லாந்தின் இடைக்கால லத்தீன் ஆவணங்களில் 'பேட்டா' என்று வருகிறது, 'துண்டு' என்று பொருள்படும் கெல்டிக் வேரோடு சொல்லாய்வாளர்கள் அதை இணைக்கிறார்கள். அதாவது, முதலில் அது வெட்டிய கட்டியின் பெயர். பிறகே சதுப்பில் கிடக்கும் பொருளின் பெயரானது.

தமிழில் 'முற்றா நிலக்கரி' என்கிறோம். நிலவியலுக்கு அது பொருத்தமான பெயர்தான். ஆனால் விஸ்கியைப் பற்றி எழுதும்போது படிப்பவர் மனத்தில் ரயில் எஞ்சினின் கரிப்புகை எழுந்துவிடும். எனக்குச் 'சதுப்புக்கரி' பிடித்திருக்கிறது; அது எங்கே பிறந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. நீலகிரியின் உயர்மலைச் சதுப்புகளிலும் இது உண்டு. பழங்காலத் தட்பவெப்பத்தை அறிய ஆய்வாளர்கள் அதைத் தோண்டியெடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இனி 'பீட்டெட்'. அதற்குப் 'புகையூட்டிய' என்பதே போதும். கூந்தலுக்கு அகில் புகையூட்டிய மொழி நம்முடையது. புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. மால்ட் என்பது முளைகட்டிய தானியம். ராகி மால்ட் குடித்தவருக்கு இதை விளக்க வேண்டாம். முளைவிட்ட பார்லியை உலர்த்தும்போது சதுப்புக்கரிப் புகையைச் செலுத்துகிறார்கள். புகையிலுள்ள ஃபீனால்கள் என்ற மணமுள்ள வேதிப்பொருள்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றுள் குவையகால் அடுப்புப் புகையின் மணத்தையும், கிரெசால் மருந்து வாடையையும் தருகின்றன. ஐலாவின் ஆர்ட்பெக் ஆலை வடிக்கும் விஸ்கிக்கான பார்லியில் பத்து லட்சத்துக்கு 50 பங்குக்கு மேல் ஃபீனால் இருக்கும். இது பார்லியின் கணக்கு, கோப்பையின் கணக்கு அன்று. வடித்து முடிப்பதற்குள் பெரும்பகுதி குறைந்துவிடும். எண்ணைப் பார்த்து மிரள்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சுவைக்கும்போது சில துளி நீர் விட்டுப் பாருங்கள்; புகைக்கு அடியில் ஒளிந்திருந்த பார்லியின் இனிப்பு மேலெழுவதுண்டு.

'சிங்கிள்' என்பதை 'ஒற்றை' என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே பீப்பாய், ஒரே வடிப்பு என்றெல்லாம் அது பொருள்படாது. ஒரே ஆலையில் வடித்தது என்பதே பொருள். ஆகவே, சதுப்புக்கரிப் புகையூட்டிய ஓராலை மால்ட் விஸ்கி.